சம்பளம் வாங்காத மூப்பர்கள்

ஐயா,

பிரேசிலில் ‘கொங்ரெகசாவோ கிறிஸ்தா’ என்ற பெரிய பெந்தெகொஸ்தே சபையைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கத்தோலிக்கர்களாகப் பிறந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் சிகாகோ போனதும் மதம் மாறினார்கள் என்றால், அமெரிக்க மிஷன் பணம்தானே காரணம்? ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் மாறினார்கள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுபோல? ஜெபத்தில் தெரியாத மொழியில் பேசுகிற அந்நியபாஷை பற்றியும் உங்கள் கருத்தை எழுதவும்.

ரா.

அன்புள்ள ரா.,

அந்நியபாஷையை விட்டுவிடுவோம். அது பேசுகிறவர் பாடு, அவர் கடவுள் பாடு. பணத்தைப் பற்றிய கேள்வி நல்ல கேள்விதான், நானே அதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ‘எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள்’ என்று உங்களுக்கு யார் சொன்னது?

இந்த வரலாற்றின் மைய மனிதர் லூயிஜி ஃபிரான்செஸ்கோன். 1866இல் வடகிழக்கு இத்தாலியில், ஃபிரியூலி பகுதியின் கவாஸ்ஸோ நுவோவோவில் பிறந்தவர். 1890இல் சிகாகோ வந்தார். மொசைக் தொழிலாளி. அந்த வட்டாரமே மொசைக்காரர்களின் வட்டாரம். பாரிஸ் ஓபரா மாளிகைக்கு மொசைக் செய்த ஃபக்கினா பக்கத்து ஊரான செக்வால்ஸ்காரர். அவர் பரப்பிய முறையில் படத்தை இடவலம் மாற்றித் தாளில் வரைவார்கள். கல்துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி, தண்ணீரில் கரையும் பசையால் அதில் ஒட்டுவார்கள். பிறகு பகுதி பகுதியாக எடுத்துப்போய்ச் சாந்தில் பதித்து, தாளை நனைத்து உரிப்பார்கள். சாந்தில் தண்ணீர் கூடினால் இடுக்கு வழியே பிதுங்கி மேலே வரும். சாந்து இறுகத் தொடங்கிவிட்டால் கல் பிடிக்காது. அவசரப்பட்டு உரித்தால் தாளோடு கல்லும் வந்துவிடும். எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோக்கத் தெரிந்தவனைக் கைநாட்டு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

1891இல் மிக்கேலே நார்டி என்ற இத்தாலிய சுவிசேஷகரின் பிரசங்கத்தைக் கேட்டு ஃபிரான்செஸ்கோன் மனம் திரும்பினார். அடுத்த ஆண்டு வால்டென்சியர்கள் என்ற பழைய இத்தாலிய புராட்டஸ்டண்ட் பிரிவினர் சிலரோடு சேர்ந்து சிகாகோவின் முதல் இத்தாலிய பிரஸ்பிட்டேரியன் சபை அமைந்தது. பிரஸ்பிட்டேரியன் என்பது மூப்பர்கள் நடத்தும் ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு. உங்கள் சந்தேகத்துக்கு இங்கே கொஞ்சம் இடம் உண்டு. அமெரிக்க புராட்டஸ்டண்ட் சபைகளின் உள்நாட்டு மிஷன் போர்டுகள் இத்தாலியர்களுக்காகச் செலவு செய்தன என்பது உண்மை. பாஸ்டருக்குச் சம்பளம், கட்டடம், ஆங்கில வகுப்பு, தையல் வகுப்பு எல்லாம் தந்தார்கள். அப்படி நடந்த சபைகள் பெரும்பாலும் பிள்ளைகள் ஆங்கிலம் பேசி வளர்ந்ததும் தேய்ந்துபோயின.

தழைத்தது, பிரிந்துபோன கூட்டம். 1903 செப்டம்பர் 7ஆம் தேதி ஃபிரான்செஸ்கோன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். கொடுத்தவர் ஜுசெப்பே பெரெத்தா என்ற இன்னொரு இத்தாலியர். பிரஸ்பிட்டேரியன்களுக்குத் தண்ணீர் தெளிப்பதே ஞானஸ்நானம், அதனால் அவர்களோடு உறவு முறிந்தது. 1907 ஆகஸ்டில் பெந்தெகொஸ்தே பிரசங்கியார் வில்லியம் டர்ஹாமின் நார்த் அவென்யூ மிஷனில் அவருக்கு ஆவியின் அபிஷேகம், அதாவது அந்நியபாஷை பேசும் அனுபவம். செப்டம்பர் 15ஆம் தேதி கிராண்ட் அவென்யூவில் கூடிய இத்தாலியர்களிடையே அது பரவியது. ‘அசெம்ப்ளேயா கிறிஸ்தியானா’ என்ற சபை அதுதான். அதற்குப் பின்னால் எந்த போர்டும் கிடையாது.

1908இல் அவர்களில் ஒருவரான ஜாக்கோமோ லொம்பார்டி ரோமுக்குப் போனார். 1909இல் அவரும் ஃபிரான்செஸ்கோனும் புவெனஸ் அயர்ஸ் போய், 1910 மார்ச்சில் சாவோ பாவ்லோவில் இறங்கினார்கள். இத்தாலியர்கள் நிறைந்த பிராஸ் பேட்டையில், பிரஸ்பிட்டேரியன் கோயிலில் பேசிய ஃபிரான்செஸ்கோனை அங்கிருந்த மூப்பர்கள் வெளியேற்றினார்கள். சுமார் 20 பேர் அவர் பின்னால் போனார்கள். நீங்கள் கேட்ட கொங்ரெகசாவோ கிறிஸ்தா அப்படித் தொடங்கியதுதான். பிரேசிலின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தச் சபையார் ஏறத்தாழ 23 லட்சம்.

அங்கே மூப்பருக்குச் சம்பளம் இல்லை. வாரம் முழுதும் தன் தொழிலைப் பார்த்துவிட்டு வந்து நிற்பார். ஞானஸ்நானமும் திருவிருந்தும் அவர் பொறுப்பு, ஏழைகளுக்கான உதவி உதவிக்காரர்கள் பொறுப்பு. தசமபாகம் கேட்பதில்லை. காணிக்கையைக் கட்டடம், தர்மம், ஊழியப் பயணம் என்று இன்னதற்கென்று சொல்லித் தனித்தனியாக வாங்குகிறார்கள். கட்டட வேலைக்குச் சபையாரே வந்து கைகொடுக்கிறார்கள். பிரசங்கத்தை எழுதித் தயாரிக்கக் கூடாது. பாட்டின் எண்ணைச் சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காடிட்டு மறுபக்கம். வயலினும் சாக்சஃபோனும் உண்டு, மேளம் கிடையாது. ஆர்கன் வாசிப்பது பெண்கள் மட்டும். 1930கள் வரை ஆராதனை இத்தாலிய மொழியில் நடந்தது. பிறகு போர்த்துகீசியத்துக்கு மாறினார்கள், அதனால்தான் பேரப்பிள்ளைகள் தங்கினார்கள் என்பது என் எண்ணம்.

பணம்தான் அடித்தளம் என்றால் அதைப் பிடுங்கினால் கட்டடம் விழவேண்டும். லொம்பார்டி ஊழியத்துக்குப் போன இத்தாலியில் முசோலினி அரசு 1935 ஏப்ரல் 9ஆம் தேதி சுற்றறிக்கை விட்டு பெந்தெகொஸ்தே வழிபாட்டைத் தடை செய்தது. ‘இனத்தின்’ உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் அது கேடாம்! 1955 வரை அந்தத் தடை நீடித்தது. நிறுத்துவதற்குச் சம்பளமும் இல்லை, பூட்டுவதற்கு இறையியல் கல்லூரியும் இல்லை. வீடுகளில் ஒளிந்து கூடினார்கள், பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

நான் ஒன்றும் இவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. சம்பளமில்லாத ஊழியத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சம்பளம் தருகிற சபைக்கு அதை நிறுத்தும் அதிகாரமாவது இருக்கும். இலவசமாக உழைக்கும் மூப்பரை யார் தட்டிக்கேட்பது? பிரசங்கமும் எழுத்தில் இல்லாததால், போன மாதம் என்ன சொன்னீர்கள் என்று எடுத்துக்காட்டவும் வழியில்லை. அமெரிக்க இத்தாலியச் சபைகள் 1927இல் நயாகரா ஃபால்ஸில் கூடி 12 விசுவாசப் பிரமாணங்களை எழுதிவைத்துக்கொண்டதே சண்டை முற்றியதால்தான். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தின்படி இரத்தம் உண்ணலாமா கூடாதா என்பது அந்தச் சண்டைகளில் ஒன்று. தென் இத்தாலியில் பன்றி இரத்தத்தில் சாக்லேட் சேர்த்துக் கிண்டும் ‘சங்குவினாச்சோ’ என்ற பலகாரம் உண்டு. அதைத் தின்னலாமா என்ற கேள்வியில் சபையையே உடைத்துக்கொண்டவர்களையா ரொட்டிக்காக மாறினார்கள் என்கிறீர்கள்?