நிலைக்குழு அறிக்கையை யார் படிக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சங்கத்தில் இருநூறு ரூபாய்க்கு ஒரு வவுச்சர் காணாமல் போனாலும் தணிக்கைக்கு வருபவர் விடமாட்டார். டெல்லியில் ஒரு துறைக்கு லட்சம் கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். டிவியில் பார்த்தால் ஒரே கூச்சல். சபாநாயகர் குரல் வாக்கெடுப்பு என்கிறார், முடிந்துவிடுகிறது. நிலைக்குழு, பொதுக் கணக்குக் குழு என்றெல்லாம் செய்தித்தாளில் பெயர் வருகிறது. பரிந்துரைத்தார்கள் என்று படிக்கிறேனே தவிர, அதனால் எதுவும் நடந்ததாகப் படித்ததில்லை. பயணப்படிக்காக நடக்கும் கூட்டங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டங்களையாவது டிவியில் காட்டக்கூடாதா? துறையின் செலவை உண்மையில் யார்தான் பார்க்கிறார்கள்?

ஒரு வாசகர், விருத்தாசலம்

அன்புள்ள நண்பருக்கு,

கூச்சலைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. குழுக்களைப் பற்றி எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. துறைகளின் செலவை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்து எழுதியதை மக்களவை கையில் எடுப்பதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முறை என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவின்படி, அமைச்சகங்களின் செலவு மானியக் கோரிக்கைகளாக மக்களவைக்கு வரவேண்டும். அவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் அவைக்குச் சில வாரங்கள் இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளையில்தான் துறைசார் நிலைக்குழுக்கள் கூடுகின்றன. 1993-இல் 17 குழுக்களோடு தொடங்கிய ஏற்பாடு இது. 2004-இல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. துறைச் செயலரும் அதிகாரிகளும் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கேமரா கிடையாது.

நீங்கள் சொன்ன பொதுக் கணக்குக் குழு பணம் செலவான பிறகு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை வைத்துக்கொண்டு விசாரிப்பது. அதன் தலைவர் பதவி 1967 முதல் எதிர்க்கட்சிக்குப் போகிறது. அதற்கும் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் செலவுக்கு முன்னாலேயே கேள்வி கேட்கக்கூடிய இடம் நிலைக்குழுதான் என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

2018 மார்ச் இரண்டாம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு தன் அறிக்கைகளை அந்த வாரம் நாடாளுமன்றத்தில் வைத்தது. குழுத் தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பி.சி. கந்தூரி. உத்தராகண்டின் முன்னாள் முதல்வர். ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குழுவின் முன்னால் ராணுவத்தின் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் வந்து சாட்சியம் சொன்னார். அவர் சொன்ன கணக்கு இது: ராணுவத்திடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை. 24 சதவீதம்தான் இன்றைய தரத்தில் உள்ளவை. அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம். ஒரு நவீன ராணுவத்தில் இந்த மூன்றும் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும்.

அடுத்து பணத்துக்கு வந்தார். அந்த ஆண்டு ராணுவ நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே கையெழுத்தாகி நடந்துகொண்டிருக்கும் 125 திட்டங்களுக்கு அந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணை 29,033 கோடி. புதிதாக எதுவும் வாங்காமல், பழைய தவணைகளைக் கட்டுவதற்கே சுமார் 7,700 கோடி இடிக்கிறது. உள்நாட்டிலேயே தயாரிக்கலாம் என்று ராணுவம் 25 திட்டங்களை அடையாளம் கண்டு வைத்திருந்தது. பணம் போதாததால் அவற்றில் பலவற்றைப் பாதியில் மூட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

சீருடையில் இருக்கும் ஓர் உயர் அதிகாரி, தன் அமைச்சகம் கேட்டு வாங்கிய பட்ஜெட் போதாது என்று எண்ணோடு சொல்கிறார். ஆளுங்கட்சிக்காரர் தலைமையில், ஆளுங்கட்சியினர் அதிகமாக இருக்கும் ஒரு குழு அதை மழுப்பாமல் அப்படியே அச்சிட்டு அவையில் வைக்கிறது. பயணப்படிக்காகக் கூடுகிறவர்கள் செய்யக்கூடிய காரியமா இது? அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு நாடாளுமன்றத்தின் மேல் உண்மையான மரியாதை வந்தது.

அதே வாரம், மார்ச் 14-ஆம் தேதி, மக்களவை என்ன செய்தது என்று பாருங்கள். எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் ஒட்டுமொத்தமாக, விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. கில்லட்டின் என்பார்கள். வழக்கமாக மூன்று, நான்கு அமைச்சகங்களையாவது விவாதித்துவிட்டு, கடைசி நாளில் மீதியை இப்படி முடிப்பார்கள். அந்த ஆண்டு ஒன்றுகூட விவாதிக்கப்படவில்லை. நிதி மசோதாவையும் சேர்த்து, சுமார் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அதில் பாதுகாப்புத் துறையும் ஒன்று. நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கூட்டத்தொடர் ஏப்ரல் 6 வரை இருந்தது.

அன்றைய நிதி மசோதாவுக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, எம்.பி.க்களின் மாதச் சம்பளத்தை 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே உயரும்படி செய்தது. இன்னொன்று, அரசியல் கட்சிகள் வாங்கிய வெளிநாட்டு நன்கொடை தொடர்பான திருத்தத்தை 1976-லிருந்தே நடைமுறைக்கு வந்ததாக ஆக்கியது. இவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசப்படவில்லை.

சரி, அன்று அவையில் ஏன் அவ்வளவு கூச்சல்? காரணங்களில் ஒன்று நம்முடையது. பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் வகுக்கச் சொல்லியிருந்தது. மத்திய அரசு நகரவில்லை. மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி, 37 உறுப்பினர்கள் கொண்ட அதிமுக தினமும் அவையின் மையப்பகுதியில் நின்றது. ஆந்திரக் கட்சிகள் சிறப்பு அந்தஸ்துக்காக நின்றன. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைக் கேட்டு காங்கிரஸ் நின்றது. காவிரிக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் காவிரி எந்தத் துறையில் வருகிறது? நீர்வளத் துறையில். அந்தத் துறையின் மானியக் கோரிக்கையும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் போய்விட்டது. ஒரு துறையின் கொள்கை பிடிக்கவில்லை என்றால், 'இந்தத் துறைக்கான மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்' என்று எந்த உறுப்பினரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தோற்கத்தான் போகிறது. ஆனால் அந்தத் துறை விவாதத்துக்கு வந்திருந்தால், அமைச்சர் எழுந்து நின்று 'ஆறு வாரத்தில் என்ன செய்தேன்' என்று பதிலைப் பதிவுசெய்ய வேண்டி வந்திருக்கும். நம் உறுப்பினர்கள் அந்த விவாதம்தான் வேண்டும் என்று கேட்டு அடம்பிடித்திருக்கலாம். அவையை நடத்துகிற பொறுப்பு அரசுக்குத்தான் முதலில் இருக்கிறது. கூச்சலைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தது அரசுதான். இருந்தாலும் அந்தக் கூச்சல் அவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

ராணுவக் கணக்கு நமக்குத் தூரமாகத் தெரியலாம். நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2022-23-இல் அதற்கு முதலில் ஒதுக்கியது 73,000 கோடி. ஆண்டு முடிவதற்குள் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி ஆனது. வேலை கேட்டு மக்கள் வந்தார்கள், பணம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு அரசு ஒதுக்கியது 60,000 கோடி! அப்போது ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழுவின் தலைவர் தூத்துக்குடி எம்.பி. கனிமொழி. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டைவிட 29,400 கோடி எப்படிக் குறைந்தது என்று குழு கேட்டது, கவலையைப் பதிவு செய்தது. அந்த ஆண்டும், 2023 மார்ச் 23 அன்று, எல்லா மானியக் கோரிக்கைகளும் விவாதமில்லாமல் நிறைவேறின. பிறகு நடந்தது என்ன? 2023-24-க்கான திருத்திய மதிப்பீடு 86,000 கோடியில் போய் நின்றது. குழு கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்பதை அரசின் கணக்கே காட்டியது. இப்படிப் பணத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு நடுவில் கூட்டும்போது, இடைப்பட்ட மாதங்களில் கூலி பாக்கி நிற்கிறது. மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குப் போய்வந்த பெண்மணியின் வங்கிக் கணக்கில் அந்த வாரப் பணம் ஏறுவதில்லை. (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 டிசம்பரில் வேறு சட்டம் வந்துவிட்டது. அதன் ஒதுக்கீட்டையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கும்.)

பரிந்துரைத்தால் எதுவும் நடப்பதில்லை என்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் அது உண்மைதான். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மானியத்தைக் குறைக்கச் சொல்லி எழுதவும் குழுவுக்கு விதியில் இடமில்லை. துறை மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அவ்வளவுதான். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். திருப்தி இல்லை என்றால் குழு அதையும் எழுதி இன்னோர் அறிக்கை வைக்கும். இந்தத் தாள்களுக்கு உயிர் வர வேண்டுமென்றால், அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அவையில் அமைச்சரைக் கேட்க வேண்டும். கந்தூரி குழு சொன்னதை வைத்து ஒரே ஒரு நாள் விவாதம் நடந்திருந்தால் அந்த 7,700 கோடிக்கு ஒரு விளக்கமாவது கிடைத்திருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் குழுக்களை மாற்றி அமைத்தபோது, தலைவர் பதவி கந்தூரியிடமிருந்து கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போனது.

நம் சட்டமன்றத்தில் நிலைமை வேறு மாதிரி. துறைவாரியாகப் பல நாள் விவாதம் நடக்கிறது, கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது; அது நல்ல விஷயம். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்னால் செயலரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் துறைசார் குழு இங்கே இல்லை. கேரளத்தில் இருக்கிறது. நமக்கும் வேண்டும்.

கடைசியாக உங்கள் டிவி யோசனை. பிரிட்டனில் பெரும்பாலான குழுக் கூட்டங்களை ஒளிபரப்புகிறார்கள். ஊரக வளர்ச்சி, கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளில் இங்கும் செய்யலாம் என்பேன். பாதுகாப்பு, வெளியுறவு இரண்டிலும் வேண்டாம். கேமரா இருந்திருந்தால் அந்தத் துணைத் தளபதி அவ்வளவு திறந்து பேசியிருக்க மாட்டார். நம் எம்.பி.க்களும் கட்சிக்காரர்களாகத்தான் பேசியிருப்பார்கள். டிவியைவிட அவசரமான தேவை ஒன்று இருக்கிறது: இந்த அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. பரிந்துரைப் பகுதியையாவது தமிழில் தர வேண்டும்.

அதுவரை ஆங்கிலத்திலேயே ஒன்றை எடுத்துப் பாருங்கள். மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்குக் கணக்குப் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்: முதலில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். மூன்று கட்டத்துக்கும் இடையே எங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறதோ, அங்கே குழு கேட்ட கேள்வியும் துறை எழுதிக்கொடுத்த பதிலும் அடுத்த சில பத்திகளில் இருக்கும். குழுவின் முடிவு தடித்த எழுத்தில் இருக்கும். அப்புறம் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் அன்று யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலும் அங்கே இருக்கும். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் போகவில்லை என்று கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இருந்தால், அந்த அறிக்கையை அவையில் எப்போது பேசப்போகிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.