குமிழிக்குள் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். பாடத்தைக் காணொளியாக முதல் நாளே அனுப்பிவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்டு மாணவர்களையே பேசி விடை காணச் சொல்கிறேன். பாதிப் பேர் பார்க்காமல் வருகிறார்கள். நன்றாகப் படிப்பவர் சொல்வதை மற்றவர்களும் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பு சந்தையாகிவிடுகிறது. காணொளி எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சந்தை என்றா எழுதினீர்கள்? கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன என்று எங்கள் ஆசிரியர் ஒருமுறை கேட்டார். “ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்” என்றான் ஒருவன். “அடியில் தீ எரிகிறதே, அப்படியானால் வெடிக்க வேண்டாமா?” என்றான் அடுத்தவன். “பின்னே தண்ணீர் ஏன் குறைகிறது?” என்று முதலாமவன் விடவில்லை. எவ்வளவு நல்ல சண்டை! ஆசிரியர் மேசையைத் தட்டி, “நீராவி, எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். முதலாமவன் நீராவி என்று எழுதினான், ஹைட்ரஜன் என்றே நம்பினான்.

சத்தத்தைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்.

காணொளி சுருக்கமாக இருக்கட்டும், போதும். பார்க்காமல் வந்தவருக்காகப் பாடத்தை மறுபடி நடத்தினால் அடுத்த வாரம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். 2007இல் அமெரிக்காவில் இந்தக் காணொளி முறையைத் தொடங்கிய பெர்க்மனும் சாம்சும் உங்களைப் போல வேதியியல் ஆசிரியர்கள்தான். அவர்கள் வீட்டுக்கு அனுப்பியது விரிவுரையை. கையில் மிஞ்சிய வகுப்பு நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம்.

அங்கேதான் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக, வாய் திறக்காமல், ஒரு விடையைத் தேர்ந்து காட்ட வேண்டும். 1990களில் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் எரிக் மசூர் வைத்த முறை அது. தனியாக யோசி, விடையைக் காட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடு, மறுபடி விடை சொல். முதல் சுற்றில் சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால்தான் பேச விடுவது. அதற்குக் கீழே போனால் நீங்கள் விளக்குங்கள், மேலே போனால் தாண்டிப் போங்கள். தனக்கென்று ஒரு விடை இல்லாதவன் எதைக் காப்பாற்ற வாதாடுவான்? கெட்டிக்காரனுக்குத் தலையாட்டத்தான் செய்வான். நீங்கள் நேராகப் பேச விட்டுவிட்டு, பிள்ளைகளைக் குறை சொல்கிறீர்கள்!

கெட்டிக்காரனே இல்லாவிட்டாலும் பேச்சு பலன் தரும். 2009இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், தொடக்கத்தில் ஒருவருக்குமே விடை தெரியாத குழுக்கள்கூட, பேசியபின் அதே கருத்தைச் சோதித்த வேறொரு கேள்விக்குத் தனித்தனியாக மேலாகவே விடை சொல்லியிருக்கின்றன.

அப்புறம், கேள்வி. வரையறை கேட்டால் வாதமே வராது. “வேதிப் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருமா, உள்ளிழுக்கப்படுமா?” என்று கேளுங்கள். உள்ளிழுக்கப்படும் என்பதுதான் சரி, ஆனால் வெளிவரும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். சமநிலைப் பாடத்துக்கு இப்படி ஒரு கேள்வி எழுதி எனக்கு அனுப்புங்கள். அதன் தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்யக் கூடாது, உங்கள் மாணவர்களின் விடைத்தாளிலிருந்து எடுக்க வேண்டும்.

அன்புடன்