டாக்டர் சொல்லவில்லையே, ஊசி வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயில் தணியத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஃப்ளூ ஊசியைப் பற்றித்தான். இந்த வாரம் ஐந்து.

எனக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. மாதந்தோறும் டாக்டரைப் பார்க்கிறேன். ஃப்ளூ ஊசி பற்றி அவர் வாயே திறந்ததில்லை. எனக்குத் தேவையில்லை என்றுதானே பொருள்? – சாட்ஸ்வொர்த் வாசகி

இல்லை அம்மா. வயது 65-ஐத் தாண்டியது ஒன்று, சர்க்கரை இன்னொன்று. ஊசி போட்டுக்கொள்ள இரண்டில் ஒன்றே போதும். அவர் மறந்திருப்பார். டாக்டராக அந்தக் குற்றவாளிக் கூண்டில் நானும் நின்றவன்தான். பல வருடங்கள், கேட்டவர்களுக்கு மட்டும் போட்டேன். பத்து நிமிடத்தில் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், பாதத்தில் புண் இருக்கிறதா, மாத்திரைச் சீட்டு. அதற்குள் அடுத்தவர் கதவருகே வந்து நிற்பார்.

பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்வதில் டாக்டரின் வாய்ச்சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சொன்ன கையோடு அங்கேயே போட்டும் விட்டால் பலன் இன்னும் கூடுகிறது. சொல்லும் விதம் வேறு இருக்கிறது. "வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் நம்மவர் காதில் "வேண்டாம்" என்றே விழுகிறது. ஒரு ஏப்ரலில் அந்த "வேண்டுமானால்" என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, "இன்றைக்கு உங்களுக்கு ஃப்ளூ ஊசி, சட்டைக் கையை மடியுங்கள்" என்று தொடங்கினேன். முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு நழுவியவர்கள், பேரன் கதையைப் பேசிக்கொண்டே பொத்தானைக் கழற்றினார்கள். மறுத்தவர்களும் காரணத்தைச் சொன்னார்கள். பேச இடம் கிடைத்தது.

அடுத்த முறை, பாதத்தைக் காட்டுவதற்கு முன்பே நீங்களே கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு இதய நோய். "மிளகுத்தண்ணீர் போதும்" என்கிறார். டாக்டர் சொன்னால் மட்டும் கேட்பார். – மெர்பேங்க் வாசகர்

மிளகுத்தண்ணீரை நானும் விடுவதில்லை. என் வீட்டில் வைப்பது அடைத்த மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஃப்ளூ வராமல் அது தடுக்காது. அப்பாவின் இதயத்துக்கு ஃப்ளூ என்ன செய்யும் என்பதுதான் என் கவலை. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. ஊசி முழுக்கவசம் அல்ல என்பதையும் மறைக்க மாட்டேன். வைரஸோடு நன்றாகப் பொருந்திய வருடங்களில், டாக்டரிடம் ஓடவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். முதியவர்களுக்குப் பலன் சற்றுக் குறையலாம்.

அவரோடு வாதாடாதீர்கள். "அப்பாவிடம் ஃப்ளூ ஊசி பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டை முன்கூட்டியே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கும் இப்படிச் சீட்டுகள் வருவதுண்டு. நானாகவே நினைத்துக்கொண்டதுபோல் பேச்சை எடுப்பேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாளே படுத்துவிட்டேன். ஊசிதானே ஃப்ளூவைக் கொடுத்தது? – பீனிக்ஸ் வாசகர்

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். நோயைக் கொடுக்கும் தெம்பு அதற்கில்லை. கை வலி, இலேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். காப்பு உண்டாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறெங்கோ தொற்றினால் பழி ஊசிமேல் விழுகிறது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

அக்டோபரில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது போட்டுக்கொண்டேன். இங்கே மறுபடியும் வேண்டுமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

வேண்டும். அங்கே போட்டது வடகோளத்துக் குளிர்காலத்துக்கானது. நம் தென்கோளத்து ஊசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் செப்டம்பரில் தனியாகப் பரிந்துரைக்கிறது. தவிர, அக்டோபரில் போட்டதன் வலு நம் ஜூன் குளிருக்குள் வெகுவாகக் குறைந்திருக்கும்.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. டாக்டர் போடச் சொல்கிறார், மாமியார் வேண்டாம் என்கிறார். டாக்டரிடமே போக வேண்டுமா, பார்மசியில் போடலாமா?

மாமியார் பயப்படுவது குழந்தைக்காகத்தான். அதையே எடுத்துச் சொல்லுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. உங்கள் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்தான் பிறந்த முதல் மாதங்களில் அதற்குக் காப்பு. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். பார்மசி நர்ஸிடமும் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு இலவசம். போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், நர்ஸ் சொல்வதை அவரும் கேட்கட்டும்.