பந்து எறிந்தால் விலகத்தானே வேண்டும்?

கேள்வி: புரோட்டானும் நியூட்ரானும் மெசான் என்ற துகளைப் பந்து போல மாறி மாறி எறிந்து பிடிப்பதால்தான் அணுக்கருவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று படித்தேன். பந்தை எறிந்தவர் பின்னால் தள்ளப்படுவார், பிடித்தவரும் அப்படித்தான். இதில் ஈர்ப்பு எங்கே வந்தது?

பதில்: நியாயமான சந்தேகம். தப்பு உங்களிடம் இல்லை, அந்தப் பந்து உதாரணத்தில்தான். எனக்கும் அதைக் கண்டாலே எரிச்சல் வரும்.

பந்தை விட்டுவிட்டு இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே ஒரே ஓர் எலெக்ட்ரான் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அது இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்போது மொத்த ஆற்றல் குறைகிறது, ஆற்றல் குறைகிற பக்கமாகத்தான் எதுவும் போகும், அதனால் அவை பிணைந்து நிற்கின்றன. ஏறக்குறைய அதே மாதிரிதான் இதுவும். புரோட்டானிலிருந்து பாசிட்டிவ் பையான் என்ற மெசான் போனால் அது நியூட்ரான் ஆகிவிடும், வாங்கிக்கொண்ட நியூட்ரான் புரோட்டான் ஆகிவிடும். யார் யார் என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. பந்து விளையாட்டில் இது நடக்குமா?

அதற்காக எப்போதும் ஈர்ப்புதான் என்றும் சொல்லிவிட முடியாது. புரோட்டான், நியூட்ரான் இரண்டின் சுழற்சியும் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து, பையானே சில நேரம் விலக்கவும் செய்யும். ரொம்ப நெருங்கிவிட்டால், ஒமேகா போன்ற கனமான மெசான்களின் பங்கால் பலமான விலக்கம் வந்துவிடுகிறது என்பது மெசான் கணக்கின் விளக்கம்.

விசையைச் சுமக்கிற துகள் எவ்வளவு கனமோ, அதன் விசை அவ்வளவு குறைந்த தூரமே எட்டும். அணுக்கரு விசை எட்டும் தூரத்தை வைத்து, எலெக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1935-ல் ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா கணக்குப் போட்டார். பிற்பாடு கிடைத்த பையான் 273 மடங்கு. அதன் விசை எட்டுவது சுமார் 1.4 ஃபெர்மி. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஃபெர்மி!

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதலில் அகப்பட்டது மியூவான், 207 மடங்கு, யுகாவா சொன்னதேதான் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் கார்பனுக்குள் வந்து நின்ற நெகட்டிவ் மியூவான்களில் பெரும்பாலானவை அணுக்கருவைச் சீண்டாமல் தாமாகவே சிதைந்துபோயின. அணுக்கரு விசையைச் சுமக்கிற துகள் இப்படியா நடந்துகொள்ளும்? அசல் பையான் 1947-ல் இயற்பியலாளர் பாவெல் குழுவினரின் புகைப்படத் தகடுகளில் சிக்கியது.

சரி, பையானை நிஜமாகவே புரோட்டான் மேல் அடித்தால்? 1952-ல் சிகாகோவில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். ஆற்றலைக் கூட்டக் கூட்ட, பையான்கள் மோதித் திசை மாறுகிற சிதறலும் கிடுகிடுவென ஏறியது. பின்னால் வந்த சோதனைகளில், பையானின் இயக்க ஆற்றல் 190 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) நெருங்கும்போது அது உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. அந்த இடத்தில் பையானும் புரோட்டானும் சேர்ந்து டெல்டா என்ற ஒரே துகளாகிவிடுகின்றன. ஆயுள் ஒரு விநாடியில் கோடியில் கோடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, உடனே பிரிந்துவிடும். பாசிட்டிவ் பையான் புரோட்டானோடு மோதும் வாய்ப்பு அங்கே நெகட்டிவ் பையானைவிட மூன்று மடங்கு. ஒரே மாதிரி மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள வேண்டும் என்ற நம் பள்ளிக்கூடப் பாடம் இங்கே எடுபடுவதில்லை, ஏனென்றால் அந்த நெருக்கத்தில் மின்விசை ஒரு பொருட்டே இல்லை.