பெரிய மெஷின் வாங்கப் போகும் தம்பலகாமத்துத் தம்பிக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். தம்பலகாமத்தில் எனக்கு மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் இருக்கின்றன. மேட்டுக்காணியில் காய்ப்பு நின்றுபோன பழைய மரமுந்திரிகை முப்பதுக்கு மேல் நிற்கிறது. வேலியோரம் வேம்பு, மூலையில் பட்டுப்போன பாலை இரண்டு. இவற்றை வெட்டி பேக்கரிக்கு விறகு கொடுக்கப் பேசியிருக்கிறேன். போன வருடம் மலிவாக ஒரு செயின் சோ வாங்கினேன், 62 சிசி என்று ஒட்டியிருந்தது. நாலு மாதத்தில் எஞ்சின் இறுகிவிட்டது. இந்தமுறை நகையை அடகு வைத்தாவது நல்ல பலமான, தொழில்காரர் பாவிக்கும் மெஷினாக எடுக்க நினைக்கிறேன். கடைக்காரர் 105 சிசி மெஷினும் 36 அங்குல பாரும் எடுத்தால் ஆயுளுக்கும் போதும் என்கிறார். மனைவி பயப்படுகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் அடகுக்கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் மெஷினின் சிசி இருக்கிறது, பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின், நீளம் இருக்கிறது, செயினைப் பற்றி ஒரு சொல் இல்லை, அரத்தைப் பற்றியும் இல்லை. பழைய மெஷின் ஏன் இறுகியது என்றும் நீங்கள் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் புதிய மெஷினும் அதே வழியில்தான் போகும்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 105 சிசி உங்களுக்கு வேண்டாம். அது பெரிய அடிமரங்களை விழுத்திப் பலகைக்கு அறுக்கிறவர்களின் மெஷின். பாரும் செயினும் போட்டு, எண்ணெய் நிரப்பித் தூக்கினால் பத்துக் கிலோவைத் தாண்டும், விழுந்து கிடக்கும் மரமுந்திரிகைக் கிளைகளுக்குள் குனிந்து நின்று அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. மத்தியானத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும், கை நடுங்கிய பிறகுதான் விபத்து வரும். உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உங்களுக்குத் தேவையானது 50 முதல் 60 சிசிக்குள் தொழில்முறை வகை ஒன்று, 18 அங்குல பார். இதில் ‘தொழில்முறை’ என்ற சொல்லைக் கவனியுங்கள், கடைகளில் அதை எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். ஸ்டில் கம்பனியின் எம்எஸ் 250 வீட்டுத் தோட்ட வகை, 45.4 சிசி, 2.3 கிலோவாட். எம்எஸ் 261 தொழில் வகை, 50.2 சிசி, 3.0 கிலோவாட். சிசியில் ஐந்துதான் கூட, வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட. உள்ளே பார்த்தால் காரணம் தெரியும். தோட்ட வகையில் எஞ்சின் பிளாஸ்டிக் உடலுக்குள் உட்கார்ந்திருக்கும், தொழில் வகையில் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங் அறையே மக்னீசிய வார்ப்பு, சூட்டையும் உதறலையும் வருடக்கணக்கில் தாங்கும், கழற்றித் திருத்தவும் சுலபம். வேலை இன்னும் கூடுமென்றால் எம்எஸ் 362 போல 59 சிசி, 3.5 கிலோவாட். அதற்கு மேலே 72.2 சிசி எம்எஸ் 382, ஹஸ்க்வர்னா கம்பனியின் 70.7 சிசி 372 எக்ஸ்பி எல்லாம் மிக நல்ல மெஷின்கள், வருடம் முழுக்க மரம் வெட்டிப் பிழைக்கிறவர் எடுக்கட்டும். உங்கள் முப்பது மரமும் வேலி வேம்பும் ஒரு கோடையில் முடிந்துவிடும்.

18 அங்குலம் போதுமா என்று யோசிப்பீர்கள். இரண்டு பக்கமும் நின்று அறுத்தால் முப்பது அங்குல அடிமரத்தையும் அது வெட்டும். நீளமான பார் போட்டால் செயின் நீளும், கூராக்க வேண்டிய பல் கூடும், நுனி மண்ணில் குத்தும்.

62 சிசி ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்கு நெடுநாள் கோபம். சிலிண்டரின் உள்விட்டத்தையும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தையும் அளந்தால் உண்மையான சிசியை நீங்களே கணக்குப் பார்க்கலாம். சென்டிமீற்றரில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, தூரத்தால் பெருக்குங்கள். இறுகிப்போன மெஷினைத் திறந்தால் விட்டம் 45 மில்லிமீற்றர், தூரம் 34 மில்லிமீற்றர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கணக்கு 54 சிசி என்று வரும். 62 என்பது ஒட்டுத்தாளில் மட்டும்தான். எம்எஸ் 382க்கு இதே கணக்கைப் போடுங்கள், விட்டம் 52, தூரம் 34, விடை 72.2 சரியாக வரும். விவசாயியிடம் காசு வாங்கிக்கொண்டு பொய்யான எண்ணை ஒட்டி விற்பதை நான் வியாபாரம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது செயினுக்கு வருகிறேன், நான் சொல்ல நினைத்ததே இதுதான்.

போரில் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனங்கள் 2015, 2016இல் தங்கள் காணிகளுக்குத் திரும்பியபோது வளவுகளெல்லாம் காடாகிக் கிடந்தன. துப்புரவு வேலைக்குப் பலர் புது மெஷின்களோடு வந்தார்கள். நான் அங்கே பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். புது மெஷின்கள் பத்து மணிக்கே புகையத் தொடங்கும், பிடிக்கிறவர் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமத்துவார், மரத்தூள் மா மாதிரிப் பொடியாக விழும். பக்கத்து வளவில் மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், நிறமெல்லாம் போன பழைய மெஷின் ஒன்று, சட்டைப்பையில் ஒரு வட்ட அரம். ஒவ்வொரு முறை பெற்றோல் முடியும்போதும் ஒரு கட்டையில் உட்காருவார், பல்லுக்கு இரண்டு இழுவை, மூன்று இழுவை, எழும்பிப் போவார். மெஷினை அவர் அமத்தி நான் பார்க்கவேயில்லை, அதன் பாரத்திலேயே அது மரத்துக்குள் இறங்கியது, வெளியே விழுந்தது துருவிய தேங்காய்ப்பூ மாதிரிச் சீவல். அன்று மாலை எண்ணிப் பார்த்தேன், அவர் வெட்டியது புது மெஷின்காரர் இருவர் சேர்ந்து வெட்டியதைவிட அதிகம். அன்றிலிருந்து மெஷின் பற்றி யார் கேட்டாலும் முதலில் அரம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

மழுங்கின செயினோடு 105 சிசி மெஷின் ஓடினாலும் அது மரத்தைத் தேய்க்கும், அறுக்காது. தேய்க்கும்போது பார் சூடேறும், எஞ்சின் முழு வேகத்தில் நின்று வெந்துபோகும். உங்கள் மெஷின் இறுகியதில் மழுங்கின செயினுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

செயினின் அளவுக்கு ஏற்ற அரம் வாங்குங்கள். அடுத்தடுத்த மூன்று தறைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதிதான் அந்த அளவு. 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம், எட்டில் மூன்று அங்குலச் செயினுக்கு 5.2, அதிலேயே சிறு மெஷின்களுக்கு வரும் தாழ்ந்த வகைக்கு 4.0. ஹார்ட்வெயார் கடையில் ‘எல்லாவற்றுக்கும் இதுதான்’ என்று ஒரு அரத்தைத் தந்தால் வாங்காதீர்கள். பல்லின் மேல்விளிம்பு 30 பாகையில் வரவேண்டும், பாலை, வீரை போன்ற இரும்பு மரங்களுக்கு 25 பாகை வைத்தால் கூர் கூட நேரம் நிற்கும். அரத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். இடப்பக்கப் பல் குட்டை, வலப்பக்கப் பல் நீளம் என்று போனால் வெட்டு வளைந்துகொண்டே போகும், ஆட்கள் அதற்குப் பாரைக் குறை சொல்வார்கள்.

பல்லுக்கு முன்னால் ஒரு குட்டை முனை நிற்கும், அதை மறந்துவிடுகிறவர்கள்தான் கூட. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்க வேண்டும். பல் தேயத் தேய அந்த முனையையும் தட்டை அரத்தால் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், அதற்கென்று சிறு தகட்டு அளவுகோல் விற்கிறது. ஒரேயடியாகத் தாழ்த்தினால் மெஷின் மரத்தைக் கவ்விக் கையை இழுத்துவிடும்.

செயின் வாங்கும்போது பல்லின் மூலை சதுரமாக இருப்பதும் உருண்டையாக இருப்பதும் என்று இரண்டு வகை கிடைக்கும். சதுரமூலை வேகமாக வெட்டும், சுத்தமான பச்சை மரத்துக்கு நல்லது. நம் பக்கத்து மரத்தில் அதை நான் போட மாட்டேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மரப்பட்டைக்குள் புழுதி ஏறியிருக்கும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் என்றால் மணலே இருக்கும். மணல் பட்டால் சதுரமூலை நிமிடத்தில் போய்விடும், உருண்டைமூலை அதைவிட நன்றாகத் தாங்கும். வெட்டுவதற்கு முன் பட்டையைக் கத்தியால் ஒரு சாண் அகலத்துக்குச் சீவிவிட்டாலே கூர் இன்னும் பாதி நாள் அதிகமாக நிற்கும்.

வேலியோர வேம்பில் கவனம். முள்ளுக்கம்பி அடித்த ஆணி எந்தக் காலத்திலோ மரத்துக்குள் மூடுண்டு போயிருக்கும், ஒரு ஆணி பட்டால் பத்துப் பல் போய்விடும். நம் திருகோணமலை மாவட்டத்தில் போர்க்காலத்தில் பாய்ந்த மரங்களுக்குள் சன்னமும் ஷெல் துண்டும் இன்னும் இருக்கின்றன. பட்டையில் வீக்கமோ கருநிறக் கசிவோ தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து மேலே வெட்டுங்கள்.

எண்ணெய்க் கலவையில்தான் உங்கள் பழைய மெஷின் முதலில் அடிபட்டிருக்கும். இந்த எஞ்சினுக்கு வேறு மசகு இல்லை, பெற்றோலில் கலக்கும் 2டி ஒயில்தான் எல்லாம். கம்பனியின் சொந்த ஒயில் என்றால் 50க்கு 1, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வேறு ஒயில் என்றால் கூட ஊற்றச் சொல்லி மெஷினின் கையேட்டில் இருக்கும், ஹஸ்க்வர்னா 33க்கு 1 என்று சொல்கிறது, லீற்றருக்கு 30 மில்லிலீற்றர். கண் மதிப்பில் ஊற்றாதீர்கள், பிள்ளைகளின் மருந்துச் சிரிஞ்சு ஒன்று வாங்கி வையுங்கள். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததைப் பாவிக்காதீர்கள். செயினுக்கு ஊற்றும் ஒயிலுக்குக் கழித்த எஞ்சின் ஒயில் போடுவது நம் ஊர்ப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். அதில் உலோகத் துகள் இருக்கும், ஒயில் பம்பைத் தின்னும், கையிலும் முகத்திலும் தெறித்துத் தோலுக்கும் கேடு. செயின் ஒயில் கிடைக்காத நாளில் புதிய எஞ்சின் ஒயில் ஊற்றலாம்.

கடையைப் பற்றி. மெஷினின் விலையைக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் அந்த மாதிரிக்கு உரிய செயின், அதைச் சுழற்றும் பற்சில்லு, ஏர் பில்டர், ஸ்டார்ட்டர் கயிறு நான்கும் இப்போது ராக்கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். ‘கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம்’ என்றால் வேறு கடைக்குப் போங்கள். நான் ஒருமுறை நம்பிக் காசு கட்டி, ஒயில் பம்புக்காக ஒரு சிறுபோகம் முழுக்கக் காத்திருந்தேன், கடைசியில் வந்தது வேறு மாதிரியுடையது. உங்களிடம் என்ன மரம், எத்தனை மரம் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் 36 அங்குல பாரை எடுத்துக் காட்டியவர் உங்கள் வேலையைப் பார்க்கவில்லை, தன் கமிஷனைத்தான் பார்த்தார். வாங்கும்போது மெஷினின் இலக்கத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள், செயின் சோ வைத்திருப்பதற்குப் பதிவு வேண்டும், அது இல்லாமல் பொலிஸிடம் மாட்டினால் மெஷின் போய்விடும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. விறகை லேண்ட்மாஸ்டரில் ஏற்றுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் வழியனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு இதைப் பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், கண் இமைக்க நேரம் இருக்காது. முன் கைக்காவலைத் தள்ளினால் செயின் உடனே நிற்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். தடித்த களிசான், சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு, இந்தக் காசை மெஷின் காசோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். தனியாக வேலை செய்ய வேண்டாம்.

பாலை இரண்டையும் நீங்கள் தொடாதீர்கள். பச்சைப் பாலையே தண்ணீரில் தாழும், பட்டுக் காய்ந்தது கல். அதோடு பட்ட மரத்தின் கொப்பு எந்தப் பக்கம் முறிந்து விழும் என்று சொல்ல முடியாது. பெரிய மெஷினும் அனுபவமும் உள்ள ஒருவரை ஒரு நாள் கூலிக்குப் பிடியுங்கள். மரமுந்திரிகையைச் சித்திரை, வைகாசிக்குள் வெட்டிப் பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கிவிட்டால் கச்சான் காற்றே காயவைத்துவிடும். பேக்கரிக்காரர் ஈர விறகுக்கு விலை குறைப்பார்.

எதையும் வாங்குவதற்கு முன், இறுகின மெஷினின் சைலன்சரைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். அந்த ஓட்டைக்குள் பிஸ்டன் தெரியும். நெடுக்குக் கீறல் இருந்தால் ஒயில் பற்றாமல் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், செயினையும் பக்கத்தில் வைத்து, பல் தெரியும்படி. கீறல் ஆழமில்லை என்றால் பிஸ்டனும் வளையமும் மாற்றி, நல்ல செயின் ஒன்று போட்டு, முதல் பத்து மரத்தை அதிலேயே வெட்டிப் பார்க்கலாம்.