பிளெக்ஸ் பார்த்து வருவார்களா? – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்). பாளையங்கோட்டையில் மெயின் ரோட்டு மாடியில் அறை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். வாசலில் பெரிய பிளெக்ஸ் இருக்கிறது. ரீல்ஸ் போடுகிறேன், பார்ப்பவர்கள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். மாதம் 10,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கலாமா? குணமானவர்களிடம் கூகுளில் நாலு வரி எழுதச் சொல்லலாமா? டாக்டர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அனுப்புவார்கள் என்கிறார் அத்தான். பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகி

வணக்கம்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒருவருக்கு 50 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவெளி என்றால் வாரத்துக்கு 15 பேரை நிதானமாகப் பார்க்கலாம். மாதம் 60 அமர்வு. ஒருவர் சராசரியாக ஆறு தடவை வருகிறார் என்று வைத்தால், உங்களுக்குத் தேவை மாதம் பத்துப் புது ஆட்கள். பத்தே பேர்! அதற்கு ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

பிளெக்ஸை இறக்கிவிடுங்கள். "மனநல ஆலோசனை மையம்" என்று ஆறடிக்கு எழுதிய மாடிப்படியில் ஒரு பெண் ஏறினால், எதிர் டீக்கடையில் நிற்கும் சித்தப்பா மூலம் சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்து இடம் மாற்றும்போது பல் ஆஸ்பத்திரியும் ரத்தப் பரிசோதனை லேபும் உள்ள கட்டடமாகப் பாருங்கள். யார் எதற்குப் படியேறுகிறார் என்று தெரியாது. பெயர், படிப்பு, பதிவு எண், "மருந்து எழுதுவதில்லை" – இவ்வளவும் ஒரு சின்னப் பலகையில் அடங்கும்.

இதே சிக்கல் போனிலும் உண்டு. ஜிபே ரசீதில் மையத்தின் பெயர் வந்தால், கணவர் போனில் இருந்து பணம் அனுப்பும் பெண் அடுத்த வாரம் வரமாட்டார். கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். நினைவூட்டும் செய்தியில் "நாளை மாலை 5 மணி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரையும் சேர்க்காதீர்கள். எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சரி, பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள்? வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிகளில். நெஞ்சுப் படபடப்பு என்று போய், ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, "ஒண்ணும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். "ஒண்ணும் இல்லை" என்றால் அவர்களுக்குச் சமாதானம் ஆகாது. இன்னொரு டாக்டர், அப்புறம் மந்திரிப்பு, தாயத்து என்று சுற்றுவார்கள். வயிற்று டாக்டர், தலைவலிக்குப் பார்க்கும் நரம்பு டாக்டர், பிரசவம் பார்ப்பவர் எல்லாரிடமும் இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள். பத்துப் பதினைந்து டாக்டர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஓபி முடிகிற நேரத்தில் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஒரே பக்கத் தாள் கொடுங்கள்: யாரைப் பார்ப்பீர்கள், யாரைப் பார்க்க மாட்டீர்கள், கட்டணம், நேரம், எண்.

டாக்டர் நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்புவது என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். "உங்க இருதயம் நல்லா இருக்கு. இந்தப் படபடப்பு நிஜம்தான். குறைக்கப் பயிற்சி இருக்கு, அவங்ககிட்ட நாலு தடவை போயிட்டு வாங்க." பல டாக்டர்கள் அனுப்பாததற்குக் காரணமே, 'என்னைப் பைத்தியம் என்கிறீர்களா' என்று நோயாளி கோபிப்பார் என்ற பயம்தான். வந்தவர் சம்மதித்தால், வந்து சேர்ந்தார் என்று டாக்டருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அவர் சொன்ன விஷயம் எதுவும் அதில் வரக்கூடாது. அடுத்த ஆளை அனுப்ப வைப்பது அந்த இரண்டு வரிதான்.

மனநல மருத்துவர்கள் இருவருடனாவது பழக்கம் வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரையும் சாக நினைப்பவரையும் அன்றே அவர்களிடமோ ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்ப வேண்டியிருக்கும்.

அத்தான் யோசனை வேண்டாம். ஆள் அனுப்பக் கமிஷன் வாங்குவதை மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே தடை செய்கின்றன. சட்டம் கிடக்கட்டும், கமிஷனுக்கு அனுப்புகிறவர் உங்களுக்குப் பொருந்தாதவர்களையும் அனுப்புவார். அவர்கள் ஒரு தடவையோடு நின்றுபோவார்கள்.

கூகுளில் எழுதச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். உங்களிடம் ஆறுதல் தேடி வந்தவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். யாராவது திட்டி எழுதினால் "நீங்கள் வந்தபோது…" என்று பதில் போடவே கூடாது. அவர் உங்களிடம் வந்தார் என்பதை நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் கூகுள் மேப்பில் இடம் கட்டாயம் இருக்கட்டும். பெயரோடு "பெஸ்ட் கவுன்சலிங் திருநெல்வேலி" என்று ஒட்டினால் பக்கத்தை முடக்கிவிடக்கூடும். படிக்கட்டு, நுழைவாயில் படங்கள் போடுங்கள். வருகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியிராது.

ஃபேஸ்புக்கில் "மனச்சோர்வால் தவிக்கிறீர்களா?" என்று விளம்பரம் எழுதினால் நிராகரிப்பார்கள், பார்ப்பவருக்கு நோய் இருப்பதாகச் சுட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. "மனச்சோர்வுக்கு ஆலோசனை" என்றால் பிரச்சினை இல்லை. எப்படியும் அதில் பெரிதாகச் செலவழிக்காதீர்கள்.

அந்தப் பணத்தில் மாலை 5 முதல் 8 வரை போன் எடுக்க ஓர் ஆளை வையுங்கள். அழைப்புகள் அதிகம் வருவது அப்போதுதான், அப்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள். எடுக்காவிட்டால் இரண்டாம் தடவை துணிகிறவர்கள் குறைவு. போன் எடுப்பவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்கக்கூடாது; "இந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடலாமா, எப்போது?" என்று மட்டும் கேட்கட்டும். இரவுக்கு, வாட்ஸ்அப் தானியங்கிப் பதிலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐப் போட்டுவையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.