ஓலை கருத்தால் பூஞ்சாணக்கொல்லி எதற்கு?

கேள்வி: தென்னையின் கீழ் ஓலைகள் கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. ஊடுபயிரான வாழை இலையும் கருத்துவிட்டது. இரண்டு முறை பூஞ்சாணக்கொல்லி தெளித்தும் பயனில்லை. வேறு எந்த மருந்து தெளிக்கலாம்? – ஆனைமலைப் பகுதி வாசகர்

பதில்: எதுவும் வேண்டாம். கருத்த ஓலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். கருப்பு மெல்லிய ஏடாக உரிந்து, அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்பூசணம். அது ஓலைக்குள் நுழைவதே இல்லை. மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது? நேர் மேலே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மெழுகோடு சுருள் சுருளாக முட்டைகள் இருந்தால், அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே உங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலையின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாகச் சொட்டுகிறது. அது விழுந்த இடமெல்லாம் பூசணம் படர்கிறது. வாழையிலும் இந்த ஈ தங்கும், அதன் இலையடியையும் பாருங்கள்.

அப்படியானால் பூச்சிக்கொல்லி தெளிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி உங்கள் தோப்பிலேயே இருக்கக்கூடும். மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். ஓலையடியில் கருத்துப்போன கூட்டுப்புழுக்கள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் செருகிவிடுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளை மரங்களுக்கிடையே கட்டுங்கள். ஓலையடியில் விசையோடு தண்ணீர் பீய்ச்சினாலும் ஈ குறையும்.

படிந்த கருப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்து, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் பூசணத்தோடு சேர்ந்து உரிந்துவிடும். ஈ குறையாமல் இதை மட்டும் செய்தால் மறுபடியும் கருக்கும்.

எல்லாப் பயிரிலும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நெல்லில் தண்டுத்துளைப்பான் உண்டாக்கும் காயத்தின் வழியே இலையுறை அழுகல் உள்ளே புகுந்துவிடும். அங்கே பூச்சி, பூஞ்சாணம் இரண்டையுமே கவனித்தாக வேண்டும்.

இன்னொன்று. வெள்ளை ஈயைத் தாக்கிக் கொல்லும் ஐசேரியா என்ற பூஞ்சாணமும் உண்டு. இதற்காகவே தெளிக்கத் தருகிறார்கள். அதை வாங்குவதாக இருந்தால், கையிலிருக்கும் பூஞ்சாணக்கொல்லியை அதோடு கலந்துவிடாதீர்கள்.